புறம் காட்டாத கழுதை

அவர் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார். தட்டைக் கொடுத்தால் தட்டின் அடி, நாற்காலி போட்டால் நாற்காலியின் கால். பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாகத் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டபோதும், பழக்க தோஷத்தில் அதைக் குப்புறப் போட்டு முதுகைப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால், அதைச் சொன்னவன் யார், எப்போது சொன்னான், அப்போது கூட இருந்தது யார் என்று விசாரணை தொடங்கிவிடும்.

இதனால் அவருக்கு ஏற்பட்ட பட்டப்பெயர் 'புறம்'. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்தப் பெயரைப் புறத்தில் சொல்வதுதானே முறை?

தொழிலும் பொருத்தமாகவே வாய்த்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் பார்க்கிற வேலை. கடை எரிந்தாலும் கிடங்கில் தண்ணீர் புகுந்தாலும் லாரி கவிழ்ந்தாலும் முதலில் போய் நிற்கிறவர் அவர். எரிந்த கடைக்குள் நுழைந்தால் எல்லோரும் எரிந்ததைப் பார்ப்பார்கள். அவர் எரியாததைத் தேடுவார். ஒரு துணிக்கடை முதலாளி சாம்பலுக்கு நடுவே நின்று கதறிக்கொண்டிருந்தபோது, இவர் சுவரில் இருந்த ஓர் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இங்க ஒரு படம் மாட்டியிருந்தீங்களா?"

"எங்கப்பா படம் சார். அதுவும் போச்சே!"

"படம் இருந்து எரிஞ்சிருந்தா, அது இருந்த இடம் மட்டும் கொஞ்சமாவது வெளுப்பா இருக்கணும். இங்க கரி சமமாப் படிஞ்சிருக்கு. நெருப்பு வரதுக்கு முன்னாடியே அப்பாவை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க போலிருக்கே."

முதலாளி கதறலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

இப்படி ஊரார் பொய்களைப் பகலெல்லாம் புரட்டிவிட்டு வீடு திரும்பும் மனிதர், ஓய்வுக்கு என்ன செய்வார்? பட்டாளத்துப் பேட்ஜுகளைப் புரட்டுவார். படைப்பிரிவுகளின் பழைய சின்னங்களைச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு என்று சொல்வது, மூச்சு விடுவது மூக்குக்குப் பொழுதுபோக்கு என்று சொல்வது போல. தொப்பியில் குத்துவது, தோள்பட்டையில் தைப்பது, காலரில் ஜோடியாக மாட்டுவது என்று வகை வகையாக, பச்சை ஃபெல்ட் துணி ஒட்டிய பலகைகளில் வரிசையாக இருக்கும். அந்த அறையின் ஜன்னலைத் திறக்க யாருக்கும் அனுமதியில்லை. ஈரக்காற்று பட்டால் பித்தளை பச்சை பிடிக்குமாம். பீரங்கிப் படை, பாலம் கட்டுகிற படை, தந்தி அடித்த படை, ரொட்டி சுட்ட படை என்று ஒவ்வொன்றுக்கும் வரலாறு சொல்லுவார். எந்தப் படை எப்போது கலைக்கப்பட்டது என்பது தெரியும். தன் கல்யாண நாள் எப்போது என்பதுதான் கொஞ்சம் மறக்கும்.

ஒரு பலகையில் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. அது கழுதைக்கு ஒதுக்கிய இடம்.

கழுதையென்றால் கோவேறு கழுதை. லாரி ஏறாத மலைகளில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்து போன ஒரு பிரிவு இருந்தது. அதற்குச் சின்னம் வரைந்தவர் கலைநயம் மிக்கவராக இருந்திருக்க வேண்டும். கழுதை நேராகப் பார்த்தால் என்ன அழகு என்று நினைத்து, அது கழுத்தை வளைத்துத் தன் முதுகுச் சுமையைத் திரும்பிப் பார்ப்பது போல வரைந்துவிட்டார். பேட்ஜுகள் வந்து இறங்கின. சிப்பாய்கள் எடுத்துப் பார்த்தார்கள். 'எதிரியைக் கண்டதும் புறமுதுகு காட்டுகிற கழுதை' என்று பக்கத்துப் படைக்காரன் எவனோ சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ஒருவரும் தொப்பியில் குத்த மாட்டேன் என்றுவிட்டார்கள். பாதி ஓடையில் போனது, மீதி உருக்கப்பட்டது. அதற்கப்புறம் நேராகப் பார்க்கும் கழுதையை அடித்துக் கொடுத்தார்கள். நேர்க் கழுதை இன்று தடுக்கி விழுந்தால் கிடைக்கும். திரும்பிப் பார்க்கும் கழுதை கிடைக்காது. அவர் தேடாத பழைய சாமான் கடை இல்லை.

சின்னம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. டிரைவிங் ஸ்கூல் ஒன்றின் மாடியில் கூடுவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைப்பார்கள். அதில் ஒரு விதி. யாருடைய பலகை முன்னாலும் யார் வேண்டுமானாலும் நின்று, ஒரு பேட்ஜைச் சுட்டிக்காட்டி, "புறம்?" என்று ஒரே ஒரு சொல் கேட்கலாம். கேட்டால் உடையவர் அதைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டியாக வேண்டும். ஏனென்றால், பழைய பேட்ஜை மெல்லிய தகட்டில் அச்சு வைத்து அடித்திருப்பார்கள்; முன்னால் மூக்கு புடைத்திருந்தால் பின்னால் அதே மூக்கு குழிந்திருக்கும். உருக்கி வார்த்த போலிக்குப் பின்பக்கம் தட்டையாகக் கிடக்கும். காட்ட மறுக்கிறவர் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்த விதியைக் கொண்டுவந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. சங்கத்தின் சோதனையாளரும் அவரே.

அந்த விதிக்கு முதல் பலி ஒரு பல் டாக்டர். தன் மாமனாரைப் பெருமையாக அழைத்துவந்து பீரங்கிப் படை பேட்ஜ் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். இவர் போய், "புறம்?" என்றார். புரட்டினால் தோசைக்கல் மாதிரி தட்டை. மாமனார் மருமகனைப் பார்த்த பார்வையை டாக்டர் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பல் டாக்டருக்கு அது எவ்வளவு கெடுதல் என்று தெரிந்திருந்தும்.

கண்காட்சி நெருங்கிய சமயத்தில் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. பழைய மரச்சாமான் வாங்கி, பாலிஷ் போட்டு, இன்னும் பழையதென்று விற்கிறவன்.

"அத்தான், கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்களேன். கடிச்சிடவா போறேன்?"

"கண்ணை மூடச் சொல்றவன் எவனும் நல்லதுக்குச் சொன்னதில்ல மாப்ள."

மச்சினன் அலுத்துப்போய் உள்ளங்கையைத் திறந்தான். கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தது கழுதை.

அவருக்கு ஒரு மூச்சு நின்றது. அந்த ஒரு மூச்சு நேரம் அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். பிறகு கை தானாகப் புரட்டியது. பின்பக்கம் துடைத்துவிட்ட சிலேட்டு. மூக்கும் இல்லை, குழியும் இல்லை.

"எங்க கிடைச்சுது?"

"முகம் பார்க்கற கண்ணாடி வச்ச ஒரு பழைய மேஜை வாங்கினேன். இடது டிராயர்ல துணிக்கு அடியில கிடந்துச்சு."

"என்ன துணி?"

"துணின்னா துணி அத்தான். பட்டா பருத்தியான்னு தடவியா பார்ப்பாங்க?"

"என்ன கேக்கற இதுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா வச்சுக்கங்க."

இங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. மச்சினன் அதுவரை அவருக்குச் சும்மா கொடுத்தது ஜலதோஷம் ஒன்றுதான்.

சமையலறை வாசலில் மனைவி, எப்போதோ காய்ந்துவிட்ட ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றிருந்தாள். "பிடிச்சிருக்கா?" என்றாள்.

"பார்க்கணும்."

அவள் டம்ளரோடு உள்ளே போய்விட்டாள். அந்த வார்த்தை அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் அவள் தன் முதல் சம்பளத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அவர் கட்டிப் பார்ப்பதற்கு முன் கவிழ்த்துப் பார்த்து, "டூப்ளிகேட்" என்றார். டூப்ளிகேட்தான். அவர் தீர்ப்பு என்றும் தப்பியதில்லை. அதற்கப்புறம் அவள் அவருக்கு எதுவும் வாங்கித் தந்ததில்லை என்பதை மட்டும் அவர் சேதக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் மூளை கிடுகிடுவென்று வேலை செய்தது. போலிக் கழுதையைத் தன் பலகையில் ஏற்றவைத்து, சபையில் "புறம்?" என்று கேட்டு மானத்தை வாங்கத் துடிப்பது யார்? பல் டாக்டர். மச்சினன் வெறும் அம்பு. அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. சில மாதங்களாக வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருகிறாள். கேட்டால் "ஆள் பத்தல" என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருப்பது யாருடைய கிளினிக்? பல் டாக்டருடையது. அம்புக்குப் பின்னால் வில், வில்லுக்குப் பின்னால் வீட்டுக்காரி! சந்தேகப்படுகிறவனுக்கு உலகம் ரொம்பச் சின்னது. எல்லோரும் எதிரெதிர் வீட்டில்தான் குடியிருப்பார்கள்.

இல்லாத பல்வலி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். சாய்வு நாற்காலியில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள்.

"எந்தப் பல் சார்?" என்றார் டாக்டர்.

"பின்னாடி."

"உங்களுக்கு எல்லாமே பின்னாடிதான். ஆ காட்டுங்க."

கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஆனால் வாயில் பஞ்சும் கண்ணாடியும் இருக்கும்போது ஒருவரை விசாரிப்பது எப்படி என்று காப்பீட்டுத் துறையில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

"கழுதை வந்துடுச்சாமே?"

"யா... ஒ... ஆ?"

"யார் சொன்னான்னு கேக்கறீங்களா? உங்க மச்சினன்தான் ஊர்பூரா தமுக்கடிக்கிறானே. சந்தோஷம் சார். கண்காட்சியில வந்து நிதானமாப் பார்க்கறேன். அடடா, அசையாதீங்க. இது நிஜமாவே சொத்தை."

பொய் வலிக்குப் போனவருக்கு நிஜப் பல் ஒன்று போனது. இருந்தாலும் சந்தேகம் உறுதிப்பட்ட திருப்தியோடு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேராக மச்சினன் கடைக்குப் போனார். பொய் சொல்கிறவன் கதையை நன்றாகத் தயாரித்திருப்பான். கதைக்கு வெளியே ஒரு கேள்வி போட்டால் அகப்பட்டுக்கொள்வான் என்பது அவருடைய தொழில் ரகசியம்.

"அந்த மேஜை எங்க?"

"வித்துட்டேன் அத்தான். கன்னம் என்ன ஆச்சு?"

"இடது டிராயர்தானே?"

"இடதேதான். துணிக்கு அடியில."

"இழுக்கும்போது அது எங்க சிக்கும்? மேலயா, கீழயா?"

மச்சினன் திருதிருவென்று விழித்தான். "இந்தக் கேள்விய அக்கா சொல்லித்தரலயே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்புறம் பொத்தி என்ன பயன்? ஒரு மர ஸ்டூலைப் போட்டு அத்தானை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு முட்டிவலியோடு ஒரு கிழவர் வந்தார். பேச்சுவாக்கில், தன் அப்பா பட்டாளத்தில் கழுதை மேய்த்தவர் என்றார். அக்காவுக்குக் காது நிமிர்ந்துவிட்டது. திரும்பிப் பார்க்கிற கழுதையா என்று கேட்டாள். ஆமாம், பெட்டியில் இருக்கிறது, யாருக்கும் தரமாட்டேன் என்றார் கிழவர். மாடி வீடு, படி இறங்கித் தெருவைப் பார்த்து வருஷமாகிறது. அக்கா வேலை முடிந்ததும் அங்கே போய், அவர் முட்டியை மடக்கி நீட்டி, பிடித்து நடக்கவைத்து, மாதக்கணக்கில் மல்லாடியிருக்கிறாள். ஒருநாள் கிழவர் தானே இறங்கித் தெருமுனை வரை போய்வந்தார். திரும்பியதும் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அதை வாங்கிட்டு வந்து என் கடையிலதான் அத்தான் உட்கார்ந்து அழுதுச்சு. சந்தோஷத்துல."

"அவளே குடுக்க வேண்டியதுதானே? நடுவுல நீ எதுக்கு?"

"நானும் அதான் கேட்டேன். 'நான் குடுத்தா அதோட முதுகைப் பார்ப்பாரு. நீ குடுத்தா உன் மூஞ்சியப் பார்ப்பாரு. அந்த நேரத்துல கழுதை தப்பிச்சுக்கும்'னுச்சு." மச்சினன் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், நிஜமான சரக்குதானே அது?"

தட்டை என்று சொல்ல வாய் திறந்தார். பல் பிடுங்கிய இடம் வலித்தது.

"மூஞ்சி நல்லா இருக்கு" என்றார்.

கிழவர் ஏமாற்றினாரா? அல்லது அவருடைய அப்பாவே அசலைத் தொலைத்துவிட்டு, ஞாபகத்துக்கு ஒன்றை வார்த்து வைத்துக்கொண்டாரா? போய்க் கேட்டிருக்கலாம். தெருவையும் மாடியையும் மச்சினன் கேட்காமலே சொல்லியிருந்தான். சேதம் நடந்த இடத்துக்குப் போகாமல் அவர் மூடிய ஒரே கேஸ் அதுதான்.

வீட்டுக்கு வந்து காலியிடத்தில் கழுதையை மாட்டினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்."

"அப்ப சரியானதுதானா?"

"இல்லன்னா மாட்டுவேனா?"

கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்று புதிதாகச் சேரும் அலுவலர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவர் அவர்.

"இந்தத் தடவை நானும் வரேங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கண்காட்சிக்கு வந்ததே இல்லை. பலகையைக் கொண்டுபோனால் டாக்டர் கேட்பார். கொண்டுபோகாவிட்டால் இவள் கேட்பாள். ஒரு பக்கம் வாழ்நாளெல்லாம் சேர்த்த பெயர். இன்னொரு பக்கம் ஒரு கிழவரின் முட்டி.

கண்காட்சி அன்று அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, 'முந்தாதே' என்று எழுதிய சாலை விதிப் படத்துக்குக் கீழே, பலகைக்குப் பக்கத்திலேயே நின்றாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளே கதை சொன்னாள். "இது ஓடிப்போற கழுதை இல்லைங்க. முதுகுல இருக்கற சுமை சரியா இருக்கான்னு பார்க்குது." அவர் இத்தனை காலம் சொன்ன வரலாற்றில் இந்த விளக்கம் கிடையாது. கேட்டுக்கொண்டே பலகையை நேராக்கினார்.

பல் டாக்டர் வந்தார். கூடவே மாமனாரும். பலகையின் மற்ற வரிசைகளை ஒவ்வொன்றாக ரசித்து, தலையாட்டி, கடைசியில் கழுதைக்கு முன் நின்றார். விரலை நீட்டினார்.

"புறம்?"

மற்ற பலகைக்காரர்கள் தத்தம் இடத்தை விட்டு நகர்ந்து வந்தார்கள். மனைவி முகத்தில் ஒரு பெருமை. தன் புருஷன் இப்போது ஒரு நொடியில் கழற்றிக் காட்டி டாக்டர் மூக்கை உடைக்கப்போகிறார் என்ற நம்பிக்கை. அவர் கை பலகை வரை போய்விட்டு, கழுதையைத் தொடாமல் திரும்பி வந்தது.

"கழுதைக்குப் பின்னாடி போகக் கூடாது டாக்டர். உதைக்கும்."

இரண்டொருவர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "விதி நீங்க கொண்டுவந்தது சார்."

"நான் கொண்டுவந்ததை நான் மீறாம வேற எவன் மீறுவான்?"

சங்கச் செயலாளர் கையைப் பிசைந்தார். "ஒரே ஒரு தடவை புரட்டிக் காட்டிடுங்களேன் சார். இல்லன்னா பலகைய எடுக்கச் சொல்லணும். சோதனையாளரா வேற இருக்கீங்க, நாளைக்கு உங்க பேச்சை யார் கேப்பா?"

"கேக்க வேண்டாம்" என்று சொல்லி, பலகையைத் தானே இறக்கினார். படியிறங்கும்போது மேலேயிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "புறமே புறமுதுகு காட்டிட்டாரேப்பா!" கூடம் கொல்லென்று சிரித்தது. நல்ல சிலேடைதான். வேறொரு நாளாயிருந்தால், சொன்னவன் யார் என்று திரும்பிப் பார்த்திருப்பார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பலகை இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவள், பலகையின் பின்னால் இருந்த ஊசியை உருவி, கழுதையைக் கையில் எடுத்தாள். புரட்டினாள். கட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மொழுமொழுன்னு இருக்கு. பின்னாடி ஒண்ணுமே இல்லயே."

"ஒண்ணுமில்ல" என்றார். அது முழு உண்மை.

குழி, புடைப்பு, அச்சு, வார்ப்பு என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அவர் நடத்திய பாடங்களை அவள் காதில் வாங்கியிருந்தாளா, இல்லையா? அந்த முகத்தைப் பார்த்து அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எரிந்த கடைகள் இதைவிடச் சுலபம். அவள் கழுதையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, ஊசியைச் செருகி, உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள்.

"பாவம், இப்ப ரெண்டு வேளையும் தானே படி இறங்கறாரு" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி.

கிழவரைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யார் என்று கேட்க வேண்டிய இடம். எந்த மாடி, எந்தப் படி, எத்தனை நாளாக என்று அடுக்கடுக்காகக் கேள்வி பிறக்க வேண்டிய இடம். அவர் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஒரு திருப்பத்தில் வளைந்தது. அவள் மெல்ல அவர் பக்கம் திரும்பி, கண்ணை இடுக்கி, அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அப்படிப் பார்ப்பதை அவள் அவரிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

"ஏங்க... யாருன்னு ஏன் கேக்கல நீங்க?"